எந்தக் குறையோடு வாழலாம்: ராக் இசையும் ஸ்பீக்கர் தேர்வும்

ஹை-ஃபை கடைகளில் ஒரு பழைய பாகுபாடு இன்னும் புழங்குகிறது. குரலுக்கும் வயலினுக்கும் பிரிட்டிஷ் ஸ்பீக்கர், ராக்குக்கு அமெரிக்க ஸ்பீக்கர். வாங்க வந்தவர் கொஞ்சம் விவரம் தெரிந்தவர் என்றால் பாகுபாடும் நுணுக்கமாகிவிடும்: மெட்டலுக்கு மூடிய பெட்டி, எழுபதுகளின் ஹார்ட் ராக்குக்கு 12 அங்குல ஊஃபர், பிங்க் ஃபிளாய்ட் ரசிகருக்கு ரிப்பன் ட்வீட்டர். எதிர் முகாம் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடும். ஸ்பீக்கருக்குள் போவது மின்னோட்டம்தான். அது லெட் செப்பெலினா, ஷோபினா என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

வாதம் என்ற அளவில் இரண்டாமவர்கள்தான் சரி. ஆனால் குறையே இல்லாத ஸ்பீக்கரை வாங்கும் வசதியும் அதை வைக்கத் தோதான அறையும் எத்தனை பேருக்கு உண்டு? கையில் உள்ள பணத்துக்குக் கிடைப்பது ஏதோ ஒரு குறையுள்ள பெட்டிதான். ஒன்று ஆழத்துக்கு இறங்காது. இன்னொன்று சத்தம் கூட்டினால் காட்டுக் கத்தல் கத்தும். மூன்றாவது பாடகரைப் பின்வரிசைக்குத் தள்ளிவிடும். நாம் கேட்கும் ராக் அந்தக் குறைகளில் எதை அம்பலப்படுத்தும், எதைக் கண்டுகொள்ளாமல் விடும் என்று பார்க்கும்போதுதான் பொருத்தம் என்ற பேச்சுக்கு அர்த்தம் வருகிறது.

அமெரிக்க ஸ்பீக்கர்தான் ராக்குக்கு என்ற எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. உண்மையில் அது ஒரே நாட்டின் இரண்டு கரைகளைப் பற்றியது. 1954-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் சேர்ந்து அகூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சிறிய பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்து, உள்ளே அகப்பட்ட காற்றையே ஊஃபருக்கு ஸ்பிரிங்காக்கியது வில்ச்சரின் யோசனை. அதுவரை பீரோ அளவு பெட்டி இருந்தால்தான் வரும் பேஸ், அலமாரித் தட்டில் அடங்கும் பெட்டியிலிருந்து வந்தது. அதற்குக் கொடுத்த விலை சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட்டுக்குக் கிடைக்கும் சத்தம்: அந்தப் பெட்டிகள் வாட்டை விழுங்கின. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்ற நால்வர் தந்திக் குழுவை மேடையில் அமர்த்தி, நேரடி வாசிப்பையும் ஸ்பீக்கரையும் மாற்றி மாற்றிக் கேட்கவைத்து அந்நிறுவனம் தன் பெருமையைக் காட்டிக்கொண்டது. யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மேற்குக் கரையில் லாஸ் ஏஞ்சலஸின் ஜேபிஎல், திரையரங்குகளுக்கும் ஒலிப்பதிவுக் கூடங்களுக்கும் பெட்டி செய்து வளர்ந்த நிறுவனம். அதன் 4310 ஸ்டுடியோ மானிட்டர் 1968-ல் வந்தது. அதையே வீட்டுக்கேற்ற உடையில் 1970-ல் எல்100 என்று விற்றார்கள். 12 அங்குல ஊஃபர், துளை வைத்த பெட்டி, முன்னுக்கு வந்து நிற்கும் மிட் (நடு அலைவரிசை), ஆரஞ்சும் நீலமுமாக நுரை முகப்பு. அந்தப் பத்தாண்டில் ஜேபிஎல்லின் அமோக விற்பனை அதுதான். அளவீட்டுக் கருவி முன் வைத்தால் எல்100 ஒன்றும் உத்தமமான பெட்டி அல்ல. ஆனால் கலிஃபோர்னியாவின் ஸ்டுடியோக்களில் பொறியாளர்கள் எந்தக் குடும்பத்து ஸ்பீக்கரைக் கேட்டு மிக்ஸ் செய்தார்களோ, அதே குடும்பம் வரவேற்பறைக்கும் வந்துவிட்டது. ஸ்டுடியோ ஸ்பீக்கரில் தூக்கலாக இருந்த மிட்டைப் பொறியாளர் பதிவில் கொஞ்சம் அடக்கியிருப்பார். வீட்டில் அதே ஸ்பீக்கர் அதை மீண்டும் தூக்கிக் கொடுக்கும். கணக்கு நேராகிவிடும்.

இந்தச் சுற்றுக்குக் கனடிய ஒலியியலாளர் ஃபிளாய்ட் டூல் 'குழப்ப வட்டம்' என்று பெயர் வைத்தார். ஸ்பீக்கரைப் பதிவுகளை வைத்துச் சோதிக்கிறோம். பதிவுகளோ வேறொரு ஸ்பீக்கரை வைத்துச் செய்யப்பட்டவை. இதில் எதை நம்புவது? ஒரு காலத்து ராக்குக்கு அந்தக் காலத்து ஸ்பீக்கரே பொருந்துகிறது என்று சிலர் சாதிப்பதில் இருக்கும் உண்மை இவ்வளவுதான். அதை இசை வகையின் குணம் என்று நினைப்பதில்தான் தவறு நுழைகிறது. 1972-ல் கலிஃபோர்னியாவில் பதிவான நாட்டுப்புற ராக்குக்கும் அதே ஆண்டு அங்கேயே பதிவான ஹார்ட் ராக்குக்கும் இந்தப் பொருத்தம் ஒரே மாதிரி வேலை செய்யும்.

பிரிட்டன் பக்கம் அடிக்கடி எடுத்துக்காட்டாக வருவது பிபிசியின் எல்எஸ்3/5ஏ. வெளிப்புற ஒலிபரப்பு வேன்களின் இடுக்கில் அறிவிப்பாளர் குரலைச் சரிபார்க்கச் செய்த குட்டிப் பெட்டி. குரல் அதில் அச்சு அசலாக வரும். அதன் சென்சிடிவிட்டி ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 82.5 டெசிபல். இன்னொரு முனையில், பால் க்ளிப்ஷ் ஆர்கன்சாஸில் 1946-ல் கொண்டுவந்த மூலைக் கொம்பு ஸ்பீக்கரான க்ளிப்ஷ்ஹார்ன், அதே ஒரு வாட்டுக்குச் சுமார் 104 டெசிபல் தரும். இரண்டுக்கும் நடுவே 21, 22 டெசிபல். இதை வாட்டாக மாற்றினால் கொம்பு ஒரு வாட்டில் செய்வதைக் குட்டிப் பெட்டி செய்ய நூறு வாட்டுக்கும் மேல் வேண்டும். அவ்வளவு கொடுத்தால் அது கருகிவிடும். எல்எஸ்3/5ஏ ராக்குக்கு ஆகாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். மெதுவாகக் கேட்டால் நிக் டிரேக்கை அதைவிட அழகாகத் தரும் பெட்டியை அதன் விலையில் நான் கேட்டதில்லை. ஏசி/டிசியைப் போட்டால் ஐந்தாவது நிமிடம் அலுப்பு தட்டும்.

சரி, ராக் ஸ்பீக்கரிடம் என்னதான் கேட்கிறது? முதலில் எலக்ட்ரிக் கிட்டாரைப் பார்க்கலாம். மற்ற வாத்தியங்களுக்கு இல்லாத ஒரு விசித்திரம் இதில் உண்டு: ஸ்பீக்கர் இந்த வாத்தியத்தின் ஓர் உறுப்பு. மார்ஷல் கேபினெட்டில் இருக்கும் செலெஸ்டியன் 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் சரசரவென்று விழுந்துவிடும். அது குறையல்ல. அந்த வெட்டு இல்லாவிட்டால் டிஸ்டார்ஷன் ஏற்றிய கிட்டார் ஈ மொய்ப்பதுபோல் காதைக் குடையும். கிட்டாரின் தடித்த தந்தியின் அடிச் சுருதி 82 ஹெர்ட்ஸ். ஆக, ராக்கின் நாயக வாத்தியம் முழுக்க 80-லிருந்து 5,000 ஹெர்ட்ஸ் வரைக்குள் வாழ்கிறது. பாடகரும் பெருமளவு அங்கேதான். விலையுயர்ந்த ட்வீட்டர் 40,000 ஹெர்ட்ஸ் வரை போகிறது என்று காட்டும் விளம்பரத் தாளுக்கு ராக் ரசிகர் தரவேண்டிய மதிப்பு இதிலிருந்தே தெரியும். மேல் அலைவரிசையில் ராக்குக்கு இருப்பது சிம்பலும் மூச்சொலியும் அறையின் காற்றும்தான். அவை தேவை. ஆனால் ஊஃபரும் ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் 2,000–3,000 ஹெர்ட்ஸ் பகுதியில் பிசிறடிக்கும் ஸ்பீக்கர் கிட்டாரையும் குரலையும் ஒரே அடியில் கெடுத்துவிடும். என் அனுபவத்தில் ராக்குக்கு ஆகாத ஸ்பீக்கர்களில் பாதி இங்கேதான் தோற்கின்றன. பேஸ் போதவில்லை என்று பழி மட்டும் வேறு இடத்தில் விழுகிறது.

கீழ்த்தளத்தில் நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் அடி 41 ஹெர்ட்ஸ், ஐந்தாவது தந்தி சேர்த்தால் 31. கிக் டிரம்மின் உடம்பு 50–80 ஹெர்ட்ஸில் இருக்கிறது. மெட்டலில் கேட்கும் அதன் 'டிக்' என்ற முனையோ 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. ஒரே வாத்தியம் ஊஃபரையும் ட்வீட்டரையும் ஒரே கணத்தில் வேலை வாங்குகிறது.

இனி ஒட்டாவாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் டூல் தொடங்கி, பின்னர் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவுடன் தொடர்ந்த சோதனைகளுக்கு வரவேண்டும். திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து, எது எதுவென்று தெரியாமல் கேட்கவைத்தார்கள். 2003-ல் ஆலிவ் வெளியிட்ட ஆய்வில் 268 பேர்: பயிற்சி பெற்றவர்கள், கடைக்காரர்கள், விமர்சகர்கள், மாணவர்கள். பயிற்சி உள்ளவர்கள் கறாராக மதிப்பெண் போட்டார்கள். ஆனால் ஸ்பீக்கர்களை வரிசைப்படுத்தியதில் எல்லாக் குழுவும் ஏறக்குறைய ஒரே கட்சி. நேராகவும் பக்கவாட்டிலும் சமமாக, மேடுபள்ளம் இல்லாமல் ஒலிக்கும் பெட்டியையே தேர்ந்தார்கள். பாட்டை மாற்றினாலும் வரிசை பெரிதாகக் கவிழவில்லை. மாறியது, குறையைக் கண்டுபிடிக்கும் எளிமை. தனி வாத்தியத்தில் ஒளிந்துகொள்ளும் குறை, கீழிலிருந்து மேல்வரை நிறைந்த பாட்டில் மாட்டிக்கொண்டது. டிரேசி சாப்மனின் 'ஃபாஸ்ட் கார்' அந்த ஆய்வாளர்களின் பிரியமான ஆயுதம்.

ராக் நுணுக்கமில்லாத முரட்டு இசை, அதற்கு எந்தப் பெட்டியும் போதும் என்ற ஏளனத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. அடர்த்தியான ராக் மிக்ஸ்தான் ஸ்பீக்கரின் ஜாதகத்தைப் படித்துவிடுகிறது. இன்னொன்றும் அந்த ஆய்வுகளில் கிடைத்தது: கேட்பவரின் விருப்பத்தில் சுமார் 30 விழுக்காட்டை பேஸின் ஆழமும் ஒழுங்குமே தீர்மானிக்கின்றன. ஆனால் சோதனை அறையில் ஒலியளவு மிதமாகத்தான் இருந்தது. நள்ளிரவுக்குச் சற்று முன் ஒரு ரசிகர் வைக்கும் சத்தத்தில் என்ன ஆகும் என்பது வேறு கேள்வி. வகைக்கு வகை வித்தியாசம் உண்மையில் தலைதூக்கும் இடம் அதுதான்.

ராக் அண்ட் ரோலின் தொடக்கத்திலிருந்து அறுபதுகளின் நடுப்பகுதி வரை பெரும்பாலும் மோனோ. மேஜை ரேடியோவுக்கும் ஜூக் பாக்ஸுக்கும் செய்த ஒலி. பேஸ் கூடினால் இசைத்தட்டில் ஊசி தாவிவிடும் என்று இ.எம்.ஐ. பொறியாளர்கள் பயந்தார்கள். 1966-ல் பீட்டில்ஸின் 'பேப்பர்பேக் ரைட்டர்' பாட்டுக்கு பால் மெக்கார்ட்னியின் பேஸை எடுப்பாக்க, இளம் பொறியாளர் ஜெஃப் எமரிக் ஒரு ஸ்பீக்கரையே மைக்காகத் திருப்பி வைத்துப் பதிவு செய்தார். அதற்கு முந்தைய பதிவுகளில் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே தேடுவது வீண் வேலை. ஆகவே சக் பெர்ரிக்கும் ஆரம்பகால கின்க்ஸுக்கும் ஆழமில்லாத சிறு பெட்டி தாராளமாகப் போதும். வேண்டியது நேர்மையான நடு அலைவரிசை. மினுக்கும் ட்வீட்டர் மட்டும் கூடவே கூடாது. அந்தக்கால டேப் இரைச்சலையும் கீறல் சத்தத்தையும் அது கூடத்துக்கு நடுவில் கொண்டுவந்து உட்காரவைக்கும்.

எழுபதுகளின் ஹார்ட் ராக் கேட்பது இடத்தை. லெட் செப்பெலின் 1971-ல் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய மாளிகையின் மாடிப்படிக் கூடத்தில் ஜான் போனமின் டிரம்மை வைத்து, மேலே இரண்டு மைக் தொங்கவிட்டுப் பதிவு செய்தது ராக் வரலாற்றில் எல்லாரும் அறிந்த கதை. அந்தப் பதிவில் அடியின் உச்சமும் அதன் பின்வரும் கூடத்தின் அதிர்வும் வெகு தூரம் விலகி நிற்கின்றன. சராசரிச் சத்தத்துக்கு மேல் 15, 20 டெசிபல் எகிறும் அடி அது. பத்து டெசிபல் கூட்ட ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு வாட் தரவேண்டும். சராசரி இரண்டு வாட்டில் கேட்டுக்கொண்டிருந்தால் அடி விழும் கணத்தில் அறுபது முதல் இருநூறு வாட் கேட்கும். இங்கே சென்சிடிவிட்டியும் பெரிய கூம்பும் சொகுசல்ல. கூம்பு ஒரே அளவு சத்தத்தோடு ஒரு ஸ்தாயி கீழே இறங்க நான்கு மடங்கு தூரம் நகரவேண்டும். 12 அங்குல ஊஃபரின் பரப்பு ஆறரை அங்குலத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. அதனால்தான் பெரிய ஊஃபர் அலட்டிக்கொள்ளாமல் செய்யும் வேலையைச் சிறியது நாக்குத் தள்ளச் செய்கிறது. கூடவே அந்தச் சிறிய கூம்பே பாடகர் ராபர்ட் பிளாண்டின் குரலையும் சுமக்கிறது. பேஸுக்காக அது முன்னும் பின்னும் பாயும்போது குரல் கலங்கும். நடுப்பகுதிக்கென்று தனிக் கூம்பு வைத்த பழைய மூவழிப் பெட்டிகளுக்கு இன்றும் ஆள் இருப்பது பழம்பெருமையால் மட்டும் அல்ல. (பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் 'பிஎம்பிஓ' என்ற ஊதிப்பெருக்கிய வாட் எண்ணைப் பார்த்து யாரும் இந்தக் கணக்கைப் போடவேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் ஆயிரக்கணக்கில் வாட் போட்ட குட்டி டப்பாக்களைப் பார்த்திருப்பீர்கள்.)

பிராக்ரஸிவ் ராக்கின் தேவை வேறு. கிங் கிரிம்ஸனின் 1969 முதல் ஆல்பத்திலேயே கிசுகிசுப்பும் இடிமுழக்கமும் அடுத்தடுத்து வருகின்றன. எழுபதுகளின் பிற்பாதியில் ஜெனிசிஸ், ரஷ் குழுக்கள் மூக் டாரஸ் பாத பேஸை மேடைக்குக் கொண்டுவந்தபின் கீழ்ப்பகுதி இன்னும் ஆழமானது. மெல்லிய இடத்தில் விவரம், உரத்த இடத்தில் தெம்பு, இரண்டு பெட்டிகளுக்கு நடுவே யார் எங்கே நிற்கிறார் என்ற தெளிவு: மூன்றும் வேண்டும். ஒரு பெட்டியில் மூன்றும் கிடைப்பது செலவு பிடித்த காரியம். இந்த ரசிகருக்கு நான் சொல்வது, நல்ல சிறு ஸ்பீக்கரும் தனி சப்ஊஃபரும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பாரத்தைச் சிறு கூம்பின் தோளிலிருந்து இறக்கிவிட்டால் அதன் நடுப்பகுதி தெளிந்துவிடும். சப்ஊஃபர் ராக்குக்கு மெதுவானது என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. அது பெரும்பாலும் சப்ஊஃபரை மூலையில் தள்ளி, குமிழைக் கண்டபடி திருகியவர்களின் குற்றச்சாட்டு.

பங்க் என்றால் மட்டமான பதிவு, மட்டமான பெட்டி போதும் என்பது சோம்பேறித்தனமான முடிவு. ரமோன்ஸின் 1976 முதல் ஆல்பம் கிட்டாரை ஒரு பக்கமும் பேஸை மறுபக்கமும் ஒதுக்கிவிட்ட சிக்கனப் பதிவுதான். இடது பெட்டியும் வலது பெட்டியும் பிசகில்லாமல் ஒன்றுபோல் ஒலிக்கிறதா என்று பார்க்க அது நல்ல தட்டு. ஆனால் அடுத்த ஆண்டு வந்த செக்ஸ் பிஸ்டல்ஸ் ஆல்பத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான கிரிஸ் தாமஸ், பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' மிக்ஸிங்கை மேற்பார்வையிட்டவர். அடுக்கடுக்காகக் கிட்டார் ஏற்றிய அந்த ஆல்பம் நடு அலைவரிசையில் ஒரு சுவர். பங்க்குக்கு ஆழமான பேஸ் இல்லாவிட்டால் நஷ்டம் குறைவு, மேடைத் தோற்றம் இல்லாவிட்டாலும் குறைவு. நடுப்பகுதியைப் பின்னுக்குத் தள்ளும் மென்மையான ஸ்பீக்கரில்தான் அது செத்துவிடுகிறது.

மெட்டலில்தான் பெட்டிக்கு உண்மையான அக்கினிப் பரீட்சை. தொழிற்சாலை விபத்தில் விரல் நுனிகளை இழந்த பிளாக் சப்பாத் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, தந்தியின் இறுக்கத்தைக் குறைக்கச் சுருதியை இறக்கினார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் அவர் கிட்டார் மூன்று அரைச்சுரம் கீழே, 69 ஹெர்ட்ஸில் நிற்கிறது. பின்னாளில் மெஷுகா போன்ற குழுக்களின் எட்டுத் தந்தி கிட்டார் பேஸ் கிட்டாரின் எல்லைக்கே வந்துவிட்டது. ஆனால் மிக்ஸ் செய்பவர் கிட்டாரின் அடிப்பகுதியை வெட்டிவிட்டுத்தான் பேஸுக்கும் கிக்குக்கும் இடம் ஒதுக்குகிறார். கேட்கும் கனத்தில் பாதி நம் மூளை மேல் ஒலிகளிலிருந்து ஊகித்துக்கொள்வது. ஆகவே கீழ்ச்சுருதி கிட்டார் என்றதும் ராட்சத ஊஃபருக்கு ஓடவேண்டியதில்லை.

மெட்டல் ஸ்பீக்கரைக் களைக்கவைப்பது வேறு வழியில். மற்ற இசையில் இடைவெளி இருக்கும். இங்கே கிட்டாரும் சிம்பலும் இரட்டை கிக்கும் ஓயாமல் வருகின்றன. பதிவிலேயே உச்சங்கள் நசுக்கப்பட்டிருப்பதால் சராசரி மின்சக்தி அதிகம். வாய்ஸ் காயில் சூடேறும். சூடேறினால் மின்தடை கூடும். குமிழைத் திருகினாலும் சத்தம் ஏறாது. மூன்றாவது பாட்டில் பஞ்ச் காணாமல் போனதென்றால் காரணம் அநேகமாக இதுதான். அதோடு, சத்தம் பத்தவில்லை என்று சிறிய ஆம்ப்ளிஃபயரை முட்டக்கொடுத்து ஓட்டினால் அது அலையின் தலையை வெட்டி, முதலில் ட்வீட்டரைப் பலிவாங்கும். மெட்டல் ரசிகர் ஆழத்தில் பத்து ஹெர்ட்ஸ் விட்டுக்கொடுக்கலாம். சூட்டைத் தாங்கும் காயிலும் தாராளமான ஆம்ப்ளிஃபயரிலும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

மெட்டலுக்கு மூடிய பெட்டியே என்பதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. துளை வைத்த பெட்டி அதன் இசைவு அதிர்வெண்ணில் சற்று நேரம் கூடுதலாக முனகும். அதற்குக் கீழே ஒரு ஸ்தாயிக்கு 24 டெசிபல் வேகத்தில் விழும். மூடிய பெட்டி 12 டெசிபல்தான் விழும். நிமிடத்துக்கு 200 தாளத்தில் இரட்டை கிக் பதினாறாம் பங்காக ஓடினால் இரண்டு அடிக்கு நடுவே 75 மில்லிசெகண்ட். முனகல் அந்த இடைவெளியை நிரப்பினால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அறையைப் பற்றிப் பேசும்போது இந்த 75 வேறொரு கணக்கில் வரும்.

கயஸ் போன்ற ஸ்டோனர் ராக் குழுக்கள் கிட்டாரையே பேஸ் ஆம்ப்ளிஃபயரில் செருகி வாசித்தன. சன் ஓ))) வகை டிரோன் இசையில் ஒரே நாண் நிமிடக்கணக்கில் நிற்கும். இவர்களுக்குப் பேஸின் வேகம் ஒரு பொருட்டே இல்லை. காற்றைத் தள்ளும் பரப்பு வேண்டும், அவ்வளவுதான். ஷூகேஸுக்கு நேர்மாறு. மை பிளடி வேலன்டைனின் 1991 ஆல்பம் 'லவ்லெஸ்' மேல்பகுதியில் பின்னிப் பிணைந்த கிட்டார் மேகம். ட்வீட்டரில் சிறு கூர்மை இருந்தாலும் தலைவலி. நார்வேயின் பிளாக் மெட்டல் பதிவுகளுக்கோ பரிந்துரையே கிடையாது. டார்க்த்ரோனின் 1994 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' வீட்டில் நான்கு டிராக் இயந்திரத்தில் பதிவானது. அந்த மெலிந்த, கரகரத்த ஒலி வேண்டுமென்றே செய்தது. பத்து லட்ச ரூபாய்ப் பெட்டியும் அதைக் கரகரப்பாகத்தான் தரும். தரவும் வேண்டும்.

சில குறைகள் எந்தப் பெட்டியாலும் தீராது. மெட்டாலிகாவின் 1988 ஆல்பம் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' மிக்ஸில் ஜேசன் நியூஸ்டெடின் பேஸ் அநேகமாகக் கேட்பதே இல்லை. அதே குழுவின் 2008 'டெத் மேக்னெடிக்' குறுந்தட்டில் அலைகளின் தலை நசுங்கிப் பிளிறுகிறது. அதே பாடல்கள் 'கிட்டார் ஹீரோ' விளையாட்டில் அந்த நசுக்கல் குறைவாக வந்து, ரசிகர்கள் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார்கள். இகி பாப்பின் ஸ்டூஜஸ் குழு 1973-ல் வெளியிட்ட 'ரா பவர்' டேவிட் போவியின் மிக்ஸில் மெலிந்தும், 1997-ல் இகியே செய்த மறு மிக்ஸில் வெறித்தனமாக உரத்தும் ஒலிக்கிறது. ஒரே குழு, ஒரே வாசிப்பு, ஒரே வகை. எந்த ஸ்பீக்கரை 'ரா பவர்'-க்குப் பொருத்துவது?

ஸ்டுடியோக்களின் கதையும் இதையே சொல்கிறது. யமஹா 1978-ல் வீட்டு ஸ்பீக்கராகக் கொண்டுவந்த என்எஸ்-10, வீடுகளில் எடுபடவில்லை. மூடிய பெட்டி, வெள்ளைக் கூம்பு, ஆழம் கிடையாது, மேல்-நடுப்பகுதி முகத்தில் அறையும். பாப் கிளியர்மவுண்டன் போன்ற பொறியாளர்கள் மேஜை மேல் அதை ஏற்றியபின் எண்பதுகளின் ராக்கில் கணிசமான பங்கு அதைக் கேட்டுத்தான் மிக்ஸ் ஆனது. ட்வீட்டரின் கூர்மை தாங்காமல் அதன்மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டினார்கள். இது ராக்குக்கு உகந்த ஸ்பீக்கர் என்று யாரும் அதை வைக்கவில்லை. மறைந்திருக்கும் தவறுகளைத் துருத்திக் காட்டும், அதன் பேஸ் நீண்டு முனகாமல் சட்டென்று நிற்கும் என்பதால் வைத்தார்கள். பழம்பெட்டிச் சந்தையில் 'ஸ்டுடியோவில் இருந்தது' என்ற ஒரே காரணத்துக்காக இன்று அதைக் கூடத்துக்கு வாங்குபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

அறைக்கு வருவோம். அமெரிக்க, பிரிட்டிஷ் இதழ்களின் பரிந்துரையை நம் வீட்டுக்கு நேராக எடுத்துவரமுடியாத காரணம் இங்கே இருக்கிறது. அமெரிக்க வீடுகளின் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும் பேஸில் ஒரு பகுதியை விழுங்கி, இன்னொரு பகுதியை வெளியே கசியவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் எதையும் விடாது. 10 அடிக்கு 12 அடி அறை, 10 அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை அடுக்ககத்தில் சாதாரண அளவு. 12 அடி நீளம் 47 ஹெர்ட்ஸில் அதிரும். 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸில். உயரமும் 10 அடி என்பதால் அதுவும் 56-லேயே வந்து சேர்ந்துகொள்ளும். நான்கு தந்தி பேஸ் கிட்டாரில் தடித்த தந்திக்கு அடுத்ததைத் திறந்து மீட்டினால் 55 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு முறை அந்தச் சுரம் வரும்போதும் அறை கூடச் சேர்ந்து பாடும். கிக் டிரம்மின் உடம்பும் அங்கேதான். இப்படிப்பட்ட அறையில் அந்த அதிர்வு அடங்க அரை செகண்ட்கூட ஆகலாம். மெட்டலின் 75 மில்லிசெகண்டைக் காப்பாற்ற மூடிய பெட்டி தேடி அலைந்தவரை அறை இப்படி ஏமாற்றுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஸ்பீக்கரின் முகப்பு பின்சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளியிருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் வாக்கில் நேர் ஒலியை அடித்துவிடும். கிட்டாரின் அடித்தந்தியும் கிக்கின் குத்தும் உள்ள இடம். பெட்டிக்குப் பஞ்ச் இல்லை என்று திருப்பிக் கொடுத்தவர்களில் சிலர் அதை ஓரடி நகர்த்திப் பார்த்திருக்கலாம். நாற்காலியும் அப்படியே: சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பேஸ் பெருகும், அறையின் நட்டநடுவில் உட்கார்ந்தால் வறளும். பேஸ் அலையைத் திரைச்சீலையும் கம்பளமும் தொடவே செய்யாது. அவை சிம்பலை மட்டும் மங்கவைக்கும். சின்ன அறைக்காரர் 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெரிய தூண் ஸ்பீக்கரை வாங்குவது காசு கொடுத்து இரைச்சல் வாங்குவது. 55 ஹெர்ட்ஸில் மெதுவாகச் சரியத் தொடங்கும் மூடிய பெட்டி, அந்த அறையின் தூக்கலோடு சேர்ந்து சமன் ஆகிவிடும். இங்கே பெட்டியின் குறையும் அறையின் குறையும் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன.

பிறகு, யார் எவ்வளவு சத்தத்தில் கேட்கிறார்கள் என்பது. 1933-ல் ஃபிளெட்சரும் மன்சனும் காட்டியபடி, சத்தம் குறையக் குறைய நம் காது பேஸை வேகமாக இழக்கிறது. பிள்ளை தூங்கியபின் மெல்லக் கேட்பவருக்குப் பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இருந்த 'லவுட்னெஸ்' பொத்தான் வரப்பிரசாதம். அவருக்கு உயர்ந்த சென்சிடிவிட்டி பயனற்றது. சற்றே பேஸ் தூக்கலான பெட்டி நல்லது. உரக்கக் கேட்பவருக்கு அதே பெட்டி புழுக்கம். அவர் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும்: 85 டெசிபலில் எட்டு மணி நேரம் கேட்கலாம் என்றால் 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் என்கிறது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. ஒரு ஆல்பத்தின் ஒரு பக்கம் முடிவதற்குள் காதின் அன்றைய கோட்டா தீர்ந்துவிடும்.

ஆக, ஒரே பெட்டியில் சக் பெர்ரியும் சப்பாத்தும் மை பிளடி வேலன்டைனும் கேட்பவர் என்ன செய்வது? பெட்டியை மாற்றமுடியாது, ஒலியை மாற்றலாம். எல்100-இன் முகப்பிலேயே மிட்டுக்கும் ட்வீட்டருக்கும் தனித்தனிக் குமிழ் இருந்தது. வீட்டு ஆம்ப்ளிஃபயரில் பேஸ், டிரெபிள் குமிழ்களும் அந்தக் காலத்தில் சாதாரணம். எண்பதுகளுக்குப் பின் ஹை-ஃபை பக்தர்கள் சமிக்ஞையின் தூய்மை கெடும் என்று அவற்றைக் களைந்தார்கள். விளைவு, குமிழில் இரண்டு டெசிபல் திருப்ப வேண்டிய இடத்தில் ஜனங்கள் கேபிளும் ஸ்பீக்கரும் மாற்றத் தொடங்கினார்கள். இப்போது கைபேசியிலேயே டிஜிட்டல் ஈக்வலைசர் இருக்கிறது. அறையின் 55 ஹெர்ட்ஸ் தூக்கலை ஐந்து, ஆறு டெசிபல் அடக்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். 'லவ்லெஸ்' போடும்போது 3,000 ஹெர்ட்ஸை இரண்டு டெசிபல் தணிக்கலாம். போவியின் 'ரா பவர்'-க்குக் கீழே மூன்று கூட்டலாம். நியூஸ்டெடின் பேஸை மட்டும் எந்தக் குமிழும் மீட்டுத் தராது. அங்கே கூட்டினால் எழுவது மெட்டாலிகாவின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக்கின் கிக் டிரம்தான்.